தலைக்கு மொட்டெ

ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.
3 பிப்ரவரி 2025

ராதிகாவுக்கு,

சில்வியா எழுதறேன். உங்க அண்ணி. நேத்து வரைக்கும் அண்ணின்னு கூப்ட்ட, மறந்திருப்பியேன்னு ஞாபகப்படுத்தறேன். நீ என் நம்பரை பிளாக் பண்ணிட்ட. உங்க அண்ணன் சரத் போன்ல என் பேரை எடுத்தாலே கட் பண்ணிடறியாம். சரி, பேப்பரை பிளாக் பண்ண முடியாது பாரு. சரத் நாளைக்கு ரயில்ல பெங்களூருக்கு வேலைக்கு வர்றப்போ இதை உங்க பார்லர்ல கொடுத்துட்டுப் போவாரு. நான் இன்னா போஸ்ட்மேனான்னு மொணகிக்கினுதான் பையில வச்சிக்கினாரு.

நேத்து வீடியோ கால்ல அத்தையைப் பார்த்ததும் அப்படி ஒரு கத்து கத்துனியே, எதுக்கு? பக்கத்து வீட்டு லவினா அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்தா, யாரு செத்துட்டாங்கன்னு கேட்டா. யாரைக் கேட்டு எங்கம்மாவுக்கு மொட்டை அடிச்சீங்கன்னு நீ கேட்ட. இன்னாடி கேள்வி இது? நீ சொல்லித்தானே அடிச்சது?

உன் மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்குது. அப்படியே எழுதறேன், பார்த்துக்கோ. "அண்ணி, நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி இந்த வாரமே அம்மா தலைக்கு மொட்டெ போட்டுடுங்க. வேணாம்னு அடம் பிடிப்பாங்க, விடாதீங்க. எனக்காகன்னு சொல்லுங்க." எப்பவும் போல இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சிருந்த. இதுல நான் இன்னா தப்பா புரிஞ்சிக்கினேன்?

படிச்சதும் எனக்கும் திக்குன்னுதான் இருந்தது. உன் வீட்டுக்காரர் தங்கச்சி ஷில்பாவுக்கு நிச்சயம், அதுக்கு எங்க அத்தை எதுக்கு மொட்டை போடணும்னு யோசிச்சேன். அப்புறம், ஏதோ வேண்டிக்கினு இருக்கறன்னு நெனைச்சேன். நான் சர்ச்சுக்குப் போறவ. உங்க சாமி விஷயத்துல ஏன் எதுக்குன்னு நோண்டினா, வந்தவளுக்கு இன்னா தெரியும்னு பேச்சு வரும். எங்க ஆளுங்களும் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வர்றாங்க. வேண்டுதல்னா வேண்டுதல்தான். அதான் சனிக்கிழமை பஸ் ஏத்தி பங்காரு திருப்பதி கோயிலுக்கு இட்டுனு போனேன்.

அத்தை அடம் பிடிக்கவே இல்ல. ராதிகாவே சொன்னாளான்னு மட்டும் கேட்டாங்க. போனைக் காட்டினேன். அந்த எழுத்து படிக்கத் தெரியாட்டியும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கினு இருந்தாங்க. அப்புறம் பின்னலை அவுத்துட்டுக் குனிஞ்சி உக்காந்துட்டாங்க. முழங்கால் தொடற முடி, கொத்துக் கொத்தா விழுந்தது. அவங்க அழல. நான்தான் அழுதேன், கோயில்ல எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க.

ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா நீ சொன்ன மாஸ்க் எல்லாம் அந்த முடிக்குப் போட்டவ நான். வெந்தயத்த ஊற வச்சி தயிர்ல அரைச்சேன். வாழைப்பழத்த வடிகட்டித் தடவணும்னு நீ சொல்லல, அது முடியில ஒட்டிக் காஞ்சி, பொழுது சாயற வரைக்கும் சீப்பு வச்சி எடுத்தேன். மொத தடவை மாஸ்க்னு சொன்னதும், மாமா தங்கச் சுரங்கத்துல அண்டர்கிரவுண்ட் ரெஸ்க்யூவுக்குப் போறப்போ மூஞ்சில மாட்டுவாரே, அதையா என் தலையில மாட்டப் போறன்னு அத்தை கேட்டாங்க. எப்படி சிரிச்சோம் தெரியுமா. அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த முடியை நானா எடுப்பேனா?

பதில் எழுது. திட்டறதா இருந்தாலும் எழுதித் திட்டு.

சில்வியா


பெங்களூர்
4 பிப்ரவரி

அண்ணி,

முட்டை. கோழி போடுமே, அந்த முட்டை.

உங்க லெட்டரைப் படிச்சிட்டு பார்லர் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டேன். வெளிய ஒரு கஸ்டமர் தலையில க்ரீமோட உக்காந்திருக்காங்க.

நான் எழுதினது மொட்டை இல்ல அண்ணி, மொட்டெ. கன்னடத்துல முட்டைக்கு என்ன பேரு? கே.ஜி.எஃப்.ல பொறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லணுமா? இங்க என்கூட வேலை செய்யற பொண்ணுங்க எல்லாம் கன்னடம். நாள் பூரா மொட்டெ மாஸ்க், மொட்டெ மாஸ்க்னுதான் பேசறோம். மாமியார் வீட்டுல முட்டை வாசப்படி தாண்டாது, அதனால தமிழ்ல அதைச் சொல்லியே ரொம்ப நாளாச்சு. கை தானா எம், ஓ, டபுள் டீ, ஈன்னு அடிச்சிடுச்சு.

வெந்தயம் முடி உதிராம இருக்க, வாழைப்பழம் வறட்சி போக, கடைசியா பளபளப்புக்கு முட்டை. வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து நல்லா அடிச்சி, ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுத் தடவி, பச்சத்தண்ணியில அலசணும். சுடுதண்ணி ஊத்தினா தலையிலயே வெந்துடும். இதை உங்களுக்குப் போன்ல சொல்லித் தரலாம்னு இருந்தேன். நைனா போனதுல இருந்து அம்மா முட்டையைக் கையால தொடறதில்லையே, அதுக்குத்தான் அடம் பிடிப்பாங்க, விடாதீங்கன்னு எழுதினேன். மொட்டை அடிக்கறதுக்கா விடாதீங்கன்னு எழுதுவேன்? யாராவது எழுதுவாங்களா?

ஒரு போன் பண்ணிக் கேட்க உங்களுக்கு வாய் வரலையா? எனக்கு மனசுல பட்டதைச் சொல்லிடறேன். அம்மாவுக்குக் கை உடைஞ்சதுல இருந்து தலை வாரி விடறது உங்க தலையில விழுந்தது. இந்த முடியோட மல்லுக்கட்டியே என் காலைப்பொழுது போவுதுன்னு நீங்க அண்ணன்கிட்ட அலுத்துக்கிட்டது எனக்குத் தெரியும். மெசேஜ் வந்ததும் நல்ல சாக்கு கிடைச்சுதுன்னு கிளம்பிட்டீங்க. சாமி பேரைச் சொல்லாதீங்க.

பதினாறாம் தேதி நிச்சயதார்த்தம். மாமியார் சொந்தக்காரங்க அத்தனை பேரும் வருவாங்க. அவங்களுக்கு நான் இன்னும் சுரங்கக் கூலிங்க லைன் வீட்டுப் பொண்ணுதான். அம்மா அந்த முடியில பூ வச்சி, பட்டுப் புடவை கட்டிட்டு வந்து நின்னா ஒருத்தரும் வாய் திறக்க முடியாதுன்னு நெனைச்சேன். புருஷன் போனவ பூ வைக்கலாமான்னு யாராவது கேட்டா, நான் பார்த்துக்கறேன்னு தைரியமா இருந்தேன். எல்லாம் போச்சு. இப்போ அவங்களை எப்படி நிறுத்துவேன்?

ராதிகா


ஸ்கெலட்டன்
5 பிப்ரவரி

ராதிகா,

உன் லெட்டரை வாசல்ல நின்னுக்கினே பிரிச்சேன். முட்டைன்னு பார்த்ததும் அப்படியே படிக்கட்டுல உக்காந்துட்டேன். உங்க அண்ணன் தண்ணி கொண்டாந்து கொடுத்தாரு. அவரும் படிச்சாரு. சிரிக்கறதா அழறதான்னு தெரியாம மூஞ்சியைத் தொடைச்சிக்கினு உள்ள போயிட்டாரு.

எனக்குக் கன்னடம் தெரியாதுன்னு யாரு சொன்னது? பங்காருபேட்டை சந்தையில எல்லாம் மொட்டென்னுதான் கேட்டு வாங்கறேன். ஆனா நீ முழுசா தமிழ்ல எழுதி, நடுவுல ஒரே ஒரு வார்த்தையைக் கன்னடத்துல சொருகினா நான் இன்னா பண்ணுவேன்? அதுவும் தலைக்குப் போடுங்கன்னு எழுதியிருக்கற. தலைக்குப் போடறதுன்னா நம்ம ஊருல இன்னா அர்த்தம்? மாஸ்க்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா குடி முழுகிப் போயிருக்குமா?

தலை வார அலுத்துக்கினு மொட்டை அடிச்சேன்னு எழுதியிருக்கற பாரு, அதைப் படிச்சதும் லெட்டரைக் கசக்கி மூலையில வீசினேன். அலுத்துக்கினேன், இல்லன்னு சொல்லல. நீயும் ஒரு நாள் வந்து சிக்கெடுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அலுத்துக்கறவ எல்லாம் கத்தியைத் தூக்கிக்கினு போறதில்ல. அந்த முடி போனதுல இருந்து காலையில கை சும்மா இருக்குது, சீப்பைத் தேடுது. இதை நீ நம்ப மாட்ட. நம்பாம போ.

இப்போ சண்டையை விடு. அதைவிடப் பெரிய தலைவலி ஒண்ணு இருக்குது. பஸ்ல போறப்போ அத்தைகிட்ட நானே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிட்டேன். ராதிகா கொழந்தைக்குத்தான் வேண்டிக்கினு இருப்பா அத்தை, வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கினு உங்க மூலமா செய்யறான்னு சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சே, வேற எதுக்கு இருக்கும்னு நானா கணக்குப் போட்டேன். அவங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாங்க. இப்போ அவங்ககிட்ட போய், அத்தை, அது வெறும் முட்டைன்னு எப்படிச் சொல்றது? என் வாயால வராது.

இன்னொண்ணு. நிச்சயத்துக்குன்னு எடுத்து வச்ச பட்டுப் புடவையை மறுபடியும் பெட்டியில வச்சிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, எனக்கு முட்டிவலின்றாங்க. நேத்து அதே முட்டியோட மார்க்கெட்டுக்கு நடந்துதான் போனாங்க. நீ போன் பண்ணா தலைவலின்னு படுத்துக்கறாங்க. எனக்குச் சரியாப் படல.

சில்வியா


பெங்களூர்
7 பிப்ரவரி

அண்ணி,

சாக்கு, கீக்குன்னு எழுதினது தப்புதான். கோவத்துல எழுதிட்டேன். உங்க நம்பரை பிளாக்ல இருந்து எடுத்துட்டேன், ஆனா போன் பண்ணாதீங்க. உங்க குரலைக் கேட்டா கடையிலயே அழுதுடுவேன். லெட்டரே எழுதுங்க. லெட்டர் சுமக்கற அண்ணனுக்கு ரெண்டு நாளா டீ வாங்கிக் கொடுத்து சமாதானம் பண்ணிட்டிருக்கேன்.

கொழந்தைன்னு நீங்க எழுதினதைப் படிச்சி ஆடிப் போயிட்டேன். எனக்கு அந்த வேண்டுதலே இல்ல. நானும் விநாயக்கும் அதைப் பத்தி மெதுவா யோசிக்கலாம்னு இருக்கோம். அம்மா எனக்காக முடியைக் கொடுத்தேன்னு நெனைச்சிட்டு, ஒவ்வொரு மாசமும் நான் நல்ல சேதி சொல்லுவேன்னு காத்திட்டிருந்தா நான் எங்க போய் முட்டிக்கறது? ஆனாலும் முட்டைன்னு சொல்ல வேணாம். முட்டைக்காக மொட்டை போட்டோம்னு தெரிஞ்சா அவங்களுக்கு அவமானமா இருக்கும். வேண்டுதல்னே இருக்கட்டும். சாமிக்குக் கொடுத்தோம்ங்கற நிம்மதியாவது மிஞ்சும்.

அண்ணன்கிட்ட ஒரு டப்பா கொடுத்திருக்கேன். விக். என் ஃப்ரெண்டு ஒருத்தி சினிமாவுக்கு மேக்கப் போடறா, அவகிட்ட கெஞ்சி வாங்கினேன். நல்ல முடி, நெய்லான் இல்ல. வைக்கறதுக்கு முன்னாடி தலையில மெல்லிசா ஒரு பருத்தித் துணி கட்டுங்க, இல்லன்னா அரிக்கும். நெத்தியில இருந்து பின்பக்கமா இழுத்து மாட்டணும். காதுகிட்ட ரெண்டு க்ளிப் இருக்கும், அதைக் குத்தாம போடுங்க. கொண்டையா முடிஞ்சி விட்டா யாருக்கும் தெரியாது. ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு எழுதுங்க.

முட்டிவலி எல்லாம் சும்மா. தலையைப் பத்தி வெக்கப்படறாங்க, அவ்வளவுதான். விக்கைப் பார்த்தா வருவாங்க பாருங்க. அவங்க வந்தே ஆகணும் அண்ணி. அவங்க இல்லாம நான் அந்தக் கூட்டத்துல நிக்க மாட்டேன்.

ராதிகா


ஸ்கெலட்டன்
9 பிப்ரவரி

ராதிகா,

இதை உக்காந்து படி. பக்கத்துல ஆள் இருந்தா வெளிய அனுப்பிட்டுப் படி.

இன்னைக்குச் சாப்பாடு ஆனதும் விக் டப்பாவை எடுத்து அத்தை முன்னாடி வச்சேன். ராதிகா அனுப்பினா, நிச்சயத்துக்கு இதை மாட்டிக்கினு வருவீங்களாம்னு சொன்னேன். திறந்து பார்த்தாங்க. தொடல. இது எதுக்கு, அவதானே எடுக்கச் சொன்னான்னு கேட்டாங்க. நான் வேண்டுதல் கதையை மறுபடியும் ஆரம்பிச்சேன். பாதியிலயே என் கையைப் புடிச்சி நிறுத்திட்டாங்க.

அவங்க சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதறேன்.

"சாமிக்கில்ல சில்வியா. ராதிகா மாமியார் வீட்டு ஹால்ல ஒரு போட்டோ மாட்டி வச்சிருக்காங்க. புருஷன் போன பொம்பளை, முடியெடுத்துட்டு முக்காடு போட்டுக்கினு இருக்குது. அவங்க வழக்கம் அது போல. நான் பின்னல் போட்டுக்கினு போய் நிக்கறது எம்பொண்ணுக்குக் கொறச்சலா இருக்குது. ஒண்ணு இப்படி ஆகணும், இல்லன்னா வராம இருக்கணும். வாயைத் திறந்து எப்படிச் சொல்லுவா? அதான் உன்கிட்ட சொல்லி அனுப்பினா."

அந்த போட்டோவை நானும் பார்த்திருக்கேன், யாரோ பழைய காலத்து ஆளுன்னு தாண்டிப் போயிட்டேன்.

அதோட விடல அவங்க. உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துல பால் காய்ச்சறப்போ உங்க மாமியார், நீங்க உள்ள ரூம்ல உக்காருங்கன்னு சொன்னாங்களாம். நீ பக்கத்துலதான் நின்னியாம். அப்புறம் ஒரு தட்டுல சாப்பாடு போட்டு ரூமுக்கே எடுத்துனு வந்தியாம். "அன்னைக்கே எனக்குப் புரிஞ்சி போச்சி"ன்னு சொல்லிட்டு, டப்பாவை மூடி என் கையில கொடுத்தாங்க.

நான் முட்டைன்னு சொல்ல வாயைத் திறந்தேன், நீ சொல்லாதன்னு எழுதின ஞாபகம் வந்து மூடிக்கினேன். இப்போ எனக்கு உன்மேல வர்ற கோவம், நீ என்னைத் திட்டினதுக்கு இல்ல. ஒரு அம்மா தன் பொண்ணு தன்னை மூலையில உக்கார வைப்பான்னு நம்பி, அதுக்கும் தலையைக் குனிஞ்சி கொடுத்திருக்காங்க. அந்த நம்பிக்கை வானத்துல இருந்தா குதிச்சது? இன்னா பண்ணணும்னு நீயே சொல்லு.

சில்வியா


பெங்களூர்
10 பிப்ரவரி

அண்ணி,

இதை அண்ணன் சாயங்காலம் கொண்டு வருவார். வாங்கின உடனே அம்மாகிட்ட போங்க. சாப்பிட்டு முடிக்கட்டும், தூங்கி எழுந்திருக்கட்டும்னு காத்திருக்காதீங்க.

முட்டைன்னு சொல்லிடுங்க. அவங்களுக்கு அவமானம்னு எழுதினதை எல்லாம் கிழிச்சிப் போடுங்க. எம்பொண்ணு என்னை இப்படி ஆக்கிப் பார்க்கணும்னு நெனைச்சான்னு அவங்க இத்தனை நாள் மனசுல வச்சிட்டு, என் மெசேஜைப் பார்த்துட்டுப் பின்னலை அவுத்திருக்காங்க. காலையில இருந்து யாருக்கும் தலை கழுவல. முடியைக் கையில எடுத்தாலே கோயில்ல விழுந்ததுன்னு நீங்க எழுதினதுதான் கண்ணுக்குள்ள நிக்குது.

அந்த போட்டோ விநாயக்கோட கொள்ளுத்தாத்தா காலத்து ஆளு. இப்போ யாரும் அப்படிச் செய்யறதில்ல. நான் வாழற வீட்டு ஹால்ல தினம் தூசி தட்டற போட்டோ அது. அம்மா அதைப் பார்த்திருப்பாங்கன்னு, பார்த்துட்டு இப்படி நெனைச்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரு நாளும் தோணல.

கிரகப்பிரவேசத்தன்னைக்கு அம்மா டயர்டா இருந்தாங்க, உள்ள ஃபேன் இருக்குதேன்னுதான் நானும் விட்டேன். இப்படி எழுதிட்டு ரொம்ப நேரமா இதையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன் அண்ணி. ஃபேன்னு எழுதினதை என்னாலயே நம்ப முடியல.

மத்தியானம் வீட்டுக்குப் போய் உங்க லெட்டரை விநாயக்குக்குப் படிச்சிக் காட்டினேன். அவர் எழுந்து ஹாலுக்குப் போய் அந்த போட்டோ முன்னாடி நின்னார். மாமியார்கிட்ட நான்தான் பேசணும், அவர் இல்ல. பேசிட்டு புதன்கிழமை வர்றேன். அதுவரைக்கும் அம்மா அந்த நெனைப்போட ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாது. உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன், இன்னைக்கே சொல்லிடுங்க.

ராதிகா


ஸ்கெலட்டன்
11 பிப்ரவரி

ராதிகா,

சொல்லிட்டேன்.

உங்க அண்ணன் செருப்பைக்கூட கழட்டல, வாசல்லயே லெட்டரை வாங்கிப் படிச்சிட்டு உள்ள போனேன். அத்தை டீவி பார்த்துக்கினு இருந்தாங்க. சத்தத்தைக் கொறைச்சிட்டு, ராதிகா மொட்டை அடிக்கச் சொல்லல அத்தை, கன்னடத்துல மொட்டென்னு எழுதியிருந்தா, நான்தான் தப்பாப் படிச்சேன்னு சொன்னேன். புரியல அவங்களுக்கு. மறுபடியும் சொன்னேன். இன்னா சொல்ற நீ, யாருக்கு மொட்டைன்னு கேக்கறாங்க. எனக்கு வேற வழி தெரியல. சமையல்கட்டுல இருந்து ஒரு முட்டையை எடுத்துனு வந்து முன்னாடி வச்சேன். இதை அடிச்சி தலைக்குத் தடவச் சொன்னா அத்தை, முடி பளபளன்னு இருக்கணும்னு, நீங்க நிச்சயத்துல எல்லாருக்கும் முன்னாடி நிக்கணும்னு, இவ்வளவுதான் அவ கேட்டதுன்னு சொன்னேன். உன் லெட்டரையும் படிச்சிக் காட்டினேன். ஃபேன் இருக்குதேன்னு நீ எழுதின இடத்தை மட்டும் தாண்டிட்டேன்.

அவங்க முட்டையைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. கூப்ட்டும் திரும்பல. நான் பயந்துட்டேன். உங்க அண்ணன் கிட்ட வந்து அம்மா, அம்மான்னு தோளைத் தொட்டாரு. அப்போதான் தலையைத் தடவிப் பார்த்துக்கினாங்க, அங்க ஒண்ணும் இல்லன்றது அப்போதான் தெரிஞ்ச மாதிரி. இத்தனை நாள்ல மொத தடவையா அழுதாங்க ராதிகா. முடிக்கு அழறாங்கன்னு நெனைச்சி, வளர்ந்துடும் அத்தை, நானே தினம் எண்ணெய் வச்சி விடறேன்னு ஏதேதோ உளறினேன்.

முடிக்கு இல்ல. மூக்கைச் சிந்திட்டு, புடவைத் தலைப்பால மூஞ்சியைத் தொடைச்சிட்டு, சின்னப் புள்ளை கேக்கற மாதிரி என்னைக் கேட்டாங்க.

"அப்போ, நான் வரலாமா?"

உங்க அண்ணன் ஏதோ சொல்ல வந்தாரு. நான் வேணாம்னு தலையாட்டினேன். அதுக்கு நாங்க பதில் சொல்லக் கூடாது. நீ வந்து சொல்லு.

சில்வியா